பல் எண்ணிக்கை

ஆ ஹொக் மூன்று பெல்ட்டுகளைக்
கண்ணாடி மேசைமேல் சுருட்டி வைத்தான்.
நீலம், முன்னூற்று எண்பது வெள்ளி.
கறுப்பு, கம்பெனிப் பெட்டியோடு, நூற்று முப்பது.
இன்னொன்றுக்குப் பெட்டியில்லை, பெயருமில்லை.
"இது உனக்கு வேணாம் லா" என்று
அவனே தள்ளி வைத்தான்.

நிர்மல் நீலத்தைத் தடவினான்.
"ரேஸ்காரங்க போடறது அக்கா.
மூடியக் கழட்டி விட்டா வெளிய தெரியும்."
தெரிவதற்காகவா அது ஓடுகிறது.

என் வீரா பாதி வேறு கார்.
பிளாக் ஒரு வண்டியுடையது.
ஹெட், ஜப்பானில் எங்கோ மோதி
முன்பாதியாய் அறுபட்டுக்
கொள்கலனில் வந்த இன்னொன்றுடையது.
எங்கள் தோட்டத்து மாரிக்கும் அதே கதைதான்,
தலை ஒருத்தி, உடல் ஒருத்தி.
ஆடியில் கூழ் ஊற்றுகிறோம்,
பொருந்துகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

பெல்ட் கேட்கும்.
ஹெட்டைச் சீவியபோது போன அரை மில்லியைக்கூடக் கேட்கும்.

போன பெல்ட் தயாளன் வாங்கியது.
பிளாக்குக்கு உரியது, ஒரு பல் கூடுதல்.
டென்ஷனரைக் கடைசிவரை தள்ளி இறுக்கிவிட்டு
"போதும், ஓடும்" என்றான்.
ஓடியது, எட்டு மாதம்.
செர்த்திங் மேட்டில், மூன்றாம் கியரில்,
பெரிய சத்தமில்லை,
யாரோ வாயைப் பொத்தியது போல.
பதினாறு வால்வும் மடங்கின.
பதினாறும் பெற்று வாழ்க என்று
கல்யாணத்தில் அரிசி போட்டவர்கள்
இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

அவன் பாய்லரில் ராத்திரி ஷிப்ட்.
நான் பகலில் செம்பனைக் குலை லோரிகளுக்கு
எடைச்சீட்டு போடுகிறேன்.
காலை ஆறு நாற்பதுக்கு மில் கேட்டில்
நான் இறங்க அவன் ஏறுவான்.
அதே சீட், அதே கட்டில், அதே தலையணை,
நேரம்தான் வேறு.
வால்வு இறங்கும் அதே இடத்துக்குத்தான்
பிஸ்டனும் ஏறி வருகிறது.
நடுவில் ஒரு ரப்பர் வார்.

அதனால் இந்தமுறை நான் அளந்தேன்.
தையல் டேப்பைப் புல்லிகளைச் சுற்றி ஓட்டி,
டென்ஷனரை நடுவில் நிறுத்தி,
வந்த நீளத்தைப் பல்லின் இடைவெளியால் வகுத்து
எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.
நீலத்துக்கும் பொருந்தவில்லை,
கறுப்புக்கும் பொருந்தவில்லை.

ஆ ஹொக் கண்ணாடி போட்டுக்கொண்டு
எண்ணெய் குடித்த பட்டியலில்
விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினான்.
நின்றான். சிரித்தான்.
மாடியிலிருந்து தூசியோடு ஒரு பெட்டி வந்தது,
நூற்றைந்து வெள்ளி.

"மீன் வேன் பெல்ட்டா அக்கா!"
நிர்மலுக்கு முகம் விழுந்துவிட்டது.
ஆமாம்.
மீன் வேன் தினம் விடியுமுன்
ஐஸ் கரையுமுன்
போர்ட்டிக்சன் போய் வருகிறது, தெரியுமா உனக்கு.
நீலத்துக்கென்று எடுத்து வைத்த மீதிக் காசில்
புது டென்ஷனர், வாட்டர் பம்ப்.
பழைய பேரிங்கில் புது பெல்ட் போடுவது
சளி பிடித்தவனுக்குச் சட்டை மாற்றுவது.

ஞாயிறு, இருவருக்கும் லீவு.
அவன் ஸ்பானரால் கிராங்கைச் சுற்றினான்,
நான் டார்ச் அடித்துக் குறிகளைப் பார்த்தேன்.
மேலே ஒரு சுற்றுக்குக் கீழே இரண்டு.
ஒரு பல் தவறியது.
"பரவால்லடி."
"கழட்டு."
கழற்றினான்.
இரண்டாம்முறையும் தவறியது. நான்தான் காரணம்,
கேம் புல்லியைப் பிடித்திருந்த கை நழுவியது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
காக்கிக் கால்சட்டையில் கையைத் துடைத்தான்.
மூன்றாம்முறை நின்றது.

சாவியைத் தொடவில்லை.
ஸ்பானரை வாங்கி நானும் இரண்டு சுற்று.
உள்ளே எதுவும் எதையும் தட்டவில்லை.
சோறு ஆறிப்போயிருந்தது.

திங்கள், ஆறு நாற்பது.
கேட்டில் இன்ஜினை அணைக்காமல் இறங்கினேன்.
மூடிக்குள்ளே அது முனகிக்கொண்டிருந்தது,
புது பெல்ட் கொஞ்சநாள் அப்படித்தான்.
அவன் குனிந்து கேட்டான்.
"மீன் வாசம் வருது" என்றான்.